நாகசாகியின் எக்ஸ்ரே மருத்துவர்
டாக்டர் பவுல் தகாஷி நாகாய் (1908 – 1951)



யூபிலி மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு புனிதரைப் பற்றி எழுதுவேன் என்றே எண்ணியிருப்பார்கள். புனிதர்களின் வரலாறுகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஆகவே, திருச்சபை இன்னும் புனிதர் வரிசையில் சேர்க்காத ஓர் இல்லறத்தாரை, ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியரை, உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர் ஓர் எக்ஸ்ரே மருத்துவர்.

எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் நிற்காத குடும்பம் நம் பங்கில் எது? துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், ஆலைப் புகையிலும் இரும்புத் தூளிலும் பாடுபட்டவர்கள், நெருக்கமான குடியிருப்புகளில் ஒருவர் இருமலை மற்றவர் வாங்கிக் கொண்டவர்கள், இவர்களில் எத்தனையோ பேர் ஸ்டான்லி மருத்துவமனையிலும் ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையிலும் சட்டையைக் கழற்றி, குளிர்ந்த பலகையில் மார்பை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றிருக்கிறார்கள். குருமடத்தில் சேரும்போது நானும் அப்படி நின்றேன். படம் எடுத்தவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அறுவை செய்த டாக்டரை நினைத்துக்கொள்கிறோம். ஊசி போட்ட சிஸ்டரை நினைத்துக்கொள்கிறோம். இருட்டறையில் நின்று நம் எலும்பையும் நுரையீரலையும் பார்த்தவரை யாரும் நினைப்பதில்லை.

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்னும் ஜெர்மானியர் 1895 நவம்பரில் இக்கதிர்களைக் கண்டார். சில மாதங்களுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் அவற்றைக் கையாளத் தொடங்கிவிட்டனர். நம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. உடம்பை ஊடுருவும் கதிர் உடம்பைக் கெடுக்கவும் செய்யும் என்பது ஆரம்பத்தில் எவருக்கும் தெரியாது. விரல்கள் கருகின, கைகள் வெட்டப்பட்டன, இரத்தம் கெட்டது. அப்படி மாண்ட மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் நாட்டினார்கள். அதில் முதலில் பொறித்த பெயர்கள் 169. நான் சொல்லவந்தவரும் அந்தக் கதிர்களுக்கே இரையானவர். ஆனால் அவர் கதை அதோடு முடியவில்லை.

தகாஷி நாகாய் 1908 பிப்ரவரி 3-ஆம் நாள் ஜப்பானின் ஷிமானே மாநிலத்திலுள்ள மட்சுவே நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், பாட்டனார் நாட்டு வைத்தியர். குடும்பம் ஷின்டோ சமயத்தைச் சேர்ந்தது. பள்ளிப் பருவத்திலேயே அறிவியல் ஒன்றையே நம்பி, ஆன்மா, மறுமை என்பனவற்றையெல்லாம் தள்ளிவிட்ட இளைஞராக, 1928-இல் நாகசாகி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நல்ல உயரம், கூடைப்பந்து ஆட்டம், கவிதை எழுதும் பழக்கம், கொஞ்சம் மதுப் பழக்கமும் உண்டு. நம் கல்லூரிப் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைதான்.

1930-இல் தாய்க்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. ஓடிவந்த மகனை அவர் பேச முடியாமல் ஒரு பார்வை பார்த்தார்; சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. உடம்பு வெறும் சடப்பொருள் என்று கற்றிருந்த மாணவருக்கு அந்தக் கடைசிப் பார்வையை எந்தப் பாடப்புத்தகத்தாலும் விளக்க முடியவில்லை. பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் சிந்தனை நூலைக் கையில் எடுத்தார். கணிதத்திலும் இயற்பியலிலும் தலைசிறந்த ஒருவர் எப்படி முழந்தாளிட முடிந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. கத்தோலிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று, 1931-இல் ஊராகாமி என்னும் பகுதியில் ஒரு கத்தோலிக்க வீட்டில் குடியேறினார்.

இந்த ஊராகாமியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் மயிலாப்பூரில் 1545-இல் தோமையார் கல்லறை அருகே தங்கிச் செபித்த புனித சவேரியார்தாம், 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் மண்ணில் இறங்கி முதன்முதல் நற்செய்தி அறிவித்தார். 1597-இல் நாகசாகிக் குன்றில் சிலுவையில் அறையப்பட்ட 26 வேதசாட்சிகளில் ஒருவர், பம்பாய்க்கு அருகேயுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா, நம் நாட்டவர். அதன்பின் வந்த கொடிய தடையில் குருக்கள் அனைவரும் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். ஆயினும் ஊராகாமி மக்கள் ஏழு தலைமுறை, குருவும் பூசையும் இல்லாமல், ஞானஸ்நானத்தையும் செபங்களையும் இரகசியமாகக் காத்தார்கள். 1865-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்குள் அவர்கள் தயங்கித் தயங்கி நுழைந்து, தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று வெளிப்படுத்தினார்கள். அதற்கும் தண்டனை கிடைத்தது: ஏறத்தாழ 3,400 பேர் நாட்டின் பிற பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள், 600-க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873-இல் திரும்பியவர்கள், ஆண்டுதோறும் தங்களைத் திருப்படங்களின்மேல் மிதிக்கச் செய்த அதே இடத்தை விலைக்கு வாங்கி, 1895 முதல் செங்கல் செங்கலாகத் தங்கள் பேராலயத்தைக் கட்டினார்கள். இராயபுரம் புனித இராயப்பர் கோவிலைப் படகோட்டிகள் எழுப்பிய வரலாற்றை அறிந்த நமக்கு இது புரியும்.

நாகாய் குடியேறிய மொரியாமா வீடு, அந்த இரகசியக் காலத்தில் திருநாள்களின் நாட்காட்டியைக் காத்துவந்த மூப்பர் குடும்பம். வீட்டுத் தலைவர் மாட்டு வியாபாரி. மாணவரை மதம் மாற்றும் பேச்சே அவர் எடுக்கவில்லை. குடும்பமாகச் செபம் செய்தார்கள், அவ்வளவே. அவருடைய ஒரே மகள் மிதோரி வெளியூரில் ஆசிரியை.

1932-இல் மருத்துவப் படிப்பு முடிந்தது. பட்டமளிப்புக்குச் சில நாள் முன்பு நண்பர்களோடு விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்து, மழையில் நனைந்து வந்து படுத்தவருக்குக் காதில் கடும் அழற்சி கண்டது. உயிர் பிழைத்தார், வலது காது போயிற்று. ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சொலி கேட்க இயலாதவர் எப்படிப் பொது மருத்துவர் ஆவது? கேட்கத் தேவையில்லாத, பார்த்தாலே போதுமான ஒரு துறைதான் மிஞ்சியது. மனமில்லாமல் கதிரியல் துறைக்குப் போனார். அக்காலத்தில் அது மருத்துவக் கல்லூரியின் மூலையில் கிடந்த துறை. கெட்டிக்கார மாணவர் எவரும் விரும்பிச் சேரமாட்டார். ஒரு குடிபோதையின் விளைவாக வந்த வேலையை இவர் இறுதிவரை விடவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசைக்கு வீட்டுக்காரர் அழைக்க, நாகாய் உடன் சென்றார். ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் ஒரே குரலில் விசுவாசப் பிரமாணம் பாடுவதைக் கேட்டு நின்றார். அந்த நாள்களிலேயே ஒரு பனி இரவில், விடுமுறைக்கு வந்திருந்த மிதோரிக்குக் குடல்வால் அழற்சி கண்டு வலி பொறுக்க முடியாமல் போயிற்று. வண்டி கிடைக்கவில்லை. நாகாய் அந்தப் பெண்ணை முதுகில் சுமந்து, பனியில் நடந்து மருத்துவமனை சேர்த்தார். 1933-இல் இராணுவம் அவரை மஞ்சூரியாவுக்கு அழைத்துக்கொண்டபோது, மிதோரி அனுப்பிய பொட்டலத்தில் ஒரு ஞானோபதேசப் புத்தகம் இருந்தது. போர்முனையில் மனித வாழ்வு எவ்வளவு மலிவு என்பதைக் கண்டவர் அதைப் படித்தார். திரும்பி வந்து 1934 ஜூன் 9-ஆம் நாள் பவுல் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். ஆகஸ்டில் மிதோரியைக் கரம் பிடித்தார்.

புனித வின்சென்ட் தே பவுல் சபையிலும் சேர்ந்தார். நம் பங்கிலும் சபைச் சகோதரர்கள் ஞாயிறு மாலைகளில் வீடு வீடாகப் போவதைப் பார்க்கிறீர்கள். அதுபோலவே கல்லூரி ஆசிரியரான அவரும் மருந்துப் பையுடன் ஏழைகளின் குடிசைகளுக்குப் போய் இலவசமாகச் சிகிச்சை அளித்தார். 1937 முதல் 1940 வரை மறுபடியும் போர். சீனாவில் படை மருத்துவராக இருந்தார். ஜப்பானியப் படை அந்நாட்டில் இழைத்த கொடுமைகளை உலகம் அறியும். நாகாய் அக்காலத்தில் தம் நாட்டையும் பேரரசரையும் கேள்வி கேட்காமல் நேசித்த குடிமகனாகவே இருந்தார். நல்லவர்களையும் காலம் கட்டிப்போடுகிறது. பின்னாளில் அவர் யுத்தத்தை அடியோடு வெறுத்து எழுதியதன் எடை, அவர் அதை உள்ளிருந்து பார்த்தவர் என்பதில்தான் இருக்கிறது.

1940-இல் திரும்பியதும் துணைப் பேராசிரியரானார். ஜப்பானெங்கும் காசநோய் பரவியிருந்த காலம். பள்ளிப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர்கள் என்று கூட்டங்கூட்டமாக நெஞ்சைச் சோதிக்க வேண்டியிருந்தது. போரினால் எக்ஸ்ரே பிலிம் கிடைக்கவில்லை. பிலிம் இருந்தால் கதிர் ஒரு நொடி பாய்ந்தால் போதும். மருத்துவர் தள்ளி நிற்கலாம். பிலிம் இல்லாவிட்டால், இருட்டறையில் ஒளிரும் திரையின் முன் உட்கார்ந்து, கதிர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே கண்ணால் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். ஒருவர் போக அடுத்தவர், அவர் போக இன்னொருவர். நோயாளிக்குச் சில நொடிகள். மருத்துவருக்கு நாள் முழுவதும். ஆபத்து அவருக்குத் தெரியாததல்ல; மாணவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவரே அவர். வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

புனித மாக்சிமிலியன் கோல்பேயும் அந்தத் திரையின் முன் நின்றவர். நம் கேரளத்து எர்ணாகுளத்திற்கு 1932-இல் ஒரு மடம் தொடங்கும் எண்ணத்தோடு வந்துசென்ற அதே கோல்பே, 1930 முதல் 1936 வரை நாகசாகியில் பணிபுரிந்தார். காசநோயால் அரிக்கப்பட்ட அவர் நுரையீரலைப் பார்த்த நாகாய், இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவர் எப்படி உழைக்கிறார் என்று வியந்தார். தம் உடம்பைப் பற்றியும் ஒருநாள் பிறர் அப்படியே வியப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

1945 ஜூன் மாதம் சக மருத்துவர்கள் அவர் இரத்தத்தைச் சோதித்தார்கள். சாதாரணமாக 7,000 அளவில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. எலும்பு மச்சையைக் கதிர்கள் கெடுத்திருந்தன. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய். மூன்று ஆண்டு உயிரோடிருந்தால் அதிகம். வயது 37. அன்றிரவு மனைவியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மிதோரி வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்டு நெடுநேரம் செபித்தார். பிறகு, வாழ்ந்தாலும் இறந்தாலும் அது கடவுளின் மகிமைக்கே என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் கலங்கவில்லை என்றே நாகாய் நம்பினார். ஆகஸ்டு 8-ஆம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர், சாப்பாட்டுப் பெட்டியை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தார். வாசல்படியில் மிதோரி விழுந்து அழுதுகொண்டிருந்தார். அன்றிரவு நாகாய்க்கு மருத்துவமனையில் விமானத் தாக்குதல் காவல் முறை, வீடு திரும்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அமெரிக்க விமானம் முதலில் போனது கொக்குரா என்ற நகருக்கு. அங்கே வானம் மூடியிருந்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. இங்கும் மேகம், ஓர் இடைவெளி கிடைத்தபோது, குறித்த இடத்தை விட்டு விலகி, ஊராகாமிக்கு மேலே குண்டு வீசப்பட்டது. நேரம் காலை 11 மணி 2 நிமிடம். தரைக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. கப்பல் துறையும் ஆயுத ஆலைகளும் உள்ள நகரம் அது. நம் எண்ணூர், திருவொற்றியூர் போல, ஆலைச் சுவர்களை ஒட்டியே தொழிலாளர் வீடுகள். அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். ஊராகாமியின் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் மாண்டதாகக் கணக்கு. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த இரு குருக்களும், காத்திருந்த மக்களும், ஒருவர்கூட மிஞ்சவில்லை.

வெடிப்பின் மையத்திலிருந்து சுமார் 700 மீட்டரில், மருத்துவமனையின் கான்கிரீட் கட்டடத்துக்குள், நாகாய் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகப் பழைய எக்ஸ்ரே படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி நொறுங்கி வலப்பக்கம் முழுவதும் குத்தியது; நெற்றிப்பொட்டின் நாடி அறுந்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மிஞ்சிய தாதியரையும் மாணவரையும் கூட்டி, எரியும் கட்டடத்திலிருந்து நோயாளிகளைக் குன்றின்மேல் தூக்கிச் சேர்த்தார். இரத்தம் இழந்து விழுந்தார், எழுந்தார். அந்தக் கல்லூரியில் மட்டும் ஆசிரியர், மாணவர், தாதியர், ஊழியர் என்று 800-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மரக்கட்டட வகுப்பறைகளில் இருந்த மாணவர்கள் அமர்ந்த இடத்திலேயே எரிந்துபோயிருந்தார்கள்.

ஆகஸ்டு 11-ஆம் நாள்தான் வீட்டுக்குப் போனார். வீடு இல்லை, சாம்பல் இருந்தது. சமையற்கட்டு இருந்த இடத்தில் கருகிய எலும்புகள் சிலவும், அவற்றோடு உருகிக் கட்டியாகிப்போன செபமாலையும் கிடந்தன. எலும்புகளை ஒரு வாளியில் சேர்த்து எடுத்துச் சென்றார். மகன் மகோதோவும் சிறுமி கயானோவும் பாட்டியுடன் மலைக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்ததால் தப்பினார்கள்.

துக்கம் கொண்டாட அவருக்கு நேரமில்லை. மித்சுயாமா என்னும் மலையூரில் கதிரியல் துறையின் எஞ்சியவர்களோடு ஏறத்தாழ இரண்டு மாதம் சிகிச்சை முகாம் நடத்தினார். அங்கே அவர் கண்டது மருத்துவ உலகுக்கே புதியது. காயமே படாதவர்கள் சில நாளில் முடி உதிர்ந்து, ஈறுகளில் இரத்தம் கசிந்து, வயிற்றுப்போக்கில் மடிந்தார்கள். கதிர்களின் தன்மையை அறிந்தவர் என்பதால் இது என்ன நோய் என்பதை நாகாய் புரிந்துகொண்டார். ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக் கல்லூரிக்கு அறிக்கையாகத் தந்தார். தம் நெற்றிக் காயம் திறந்து இரத்தம் நிற்காமல் சாகும் தறுவாயில் கிடந்தபோது, கோல்பேயின் மடத்திலுள்ள லூர்து கெபித் தண்ணீர் கொடுக்கப்பட்டதாகவும், கோல்பேயை வேண்டிக்கொள்ளும்படி உள்ளத்தில் ஒரு குரல் எழுந்து பிறகு இரத்தம் நின்றதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கோல்பே அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் கொடுத்திருந்தார்.

ஊராகாமியில் 70 ஆண்டுக்குப் புல்லும் முளைக்காது என்று வதந்தி பரவியது. நாகாய் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். மூன்று வாரத்தில் எறும்புகள். ஒரு மாதத்தில் மண்புழுக்கள். சிற்றுயிர் பிழைக்கும் மண்ணில் மனிதன் பிழைக்கலாம் என்று சொல்லி, தாமே அங்கு தகரக் கொட்டகை போட்டுக் குடியேறினார். மக்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது இவ்வரலாற்றின் கடினமான பகுதி. 1945 நவம்பர் 23-ஆம் நாள் இடிந்த பேராலயத்தின் முன் இறந்தோருக்கான பூசை நடந்தது. விசுவாசிகள் சார்பில் நாகாய் பேசினார். மேகத்தினால் குண்டு ஊராகாமிக்குத் திரும்பியதையும், விண்ணேற்புத் திருநாளன்றே யுத்தம் ஓய்ந்ததையும் எடுத்துக்காட்டி, மாசற்ற செம்மறி போல ஊராகாமி யுத்தத்தின் பாவங்களுக்காகப் பலிபீடத்தில் தகனமாயிற்று என்றும், அதற்காக நன்றி செலுத்துவோம் என்றும் பொருள்படச் சொன்னார். கூட்டத்தில் சிலர் கொதித்தெழுந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர்கள் பலர் இப்பேச்சைக் கடுமையாகக் கண்டித்தார்கள். குண்டைச் செய்தவர்களும் யுத்தத்தைத் தொடங்கியவர்களும் பொறுப்பிலிருந்து தப்பிக்க இது வழிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 பிப்ரவரியில் ஹிரோஷிமாவில், யுத்தம் மனிதனின் செயலே என்று அறுதியிட்டுச் சொன்னதை, குற்றவுணர்ச்சியிலும் மௌனத்திலும் கிடந்த கத்தோலிக்கர்கள் சிலர் விடுதலையாகக் கேட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பேன். கடவுள் குண்டு போடுவதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26-க்குப் பின் வந்த நாள்களில், ஒரு கடற்கரைப் பங்கில் இளங்குருவாக நானும் வரிசையாகக் குழிகளின் ஓரம் நின்றேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னைப் பார்த்து, சாமி, ஏன் என்று ஒரே சொல்லைக் கேட்டார். குருமடத்தில் படித்த எதுவும் வாயில் வரவில்லை. மந்திரித்த தண்ணீரைத் தெளித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனேன். நாகாய் தம் மனைவியின் எலும்பை வாளியில் சுமந்தவர். கடவுள் தண்டித்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தார் பழித்த ஒரு மக்களிடம், நீங்கள் சபிக்கப்பட்டவர்கள் அல்ல என்று சொல்ல அவருக்குக் கிடைத்த சொற்கள் அவை. அவற்றை இறையியல் பாடமாக வைத்தால் தவறு வரும். அழுகிறவர் ஒருவர் மற்ற அழுகிறவர்களோடு பேசியதாகவே நான் அவற்றைப் படிக்கிறேன்.

அந்தக் கிறிஸ்மஸ் முன்னிரவில், இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்த பேராலய மணியைக் கட்டைகளில் தொங்கவிட்டு அடித்தார்கள். அதையே தலைப்பாக்கி, நாகசாகியின் மணிகள் என்ற நூலை நாகாய் 1946-இல் எழுதி முடித்தார். அமெரிக்க ஆட்சியின் தணிக்கையில் அது தடைபட்டது; மணிலாவில் ஜப்பானியர் செய்த படுகொலைகள் பற்றிய ஓர் அறிக்கையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1949 ஜனவரியில்தான் வெளிவந்தது. நாடே படித்தது; பாட்டும் திரைப்படமும் பிறந்தன.

இதற்குள் அவர் படுத்த படுக்கை. 1946-இல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஜூலையில் நாகசாகி இரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தவர் பிறகு எழவில்லை. 1948-இல் ஊர் மக்கள் அவருக்கு இரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள ஒரு குடிசை கட்டித் தந்தார்கள். பிறரைத் தன்னைப்போல் நேசிக்கச் சொல்லும் கட்டளையை நினைத்து, தன்னைப்போல் என்று பொருள்படும் நியோகோதோ என்ற பெயரை அதற்கு வைத்தார். மல்லாந்து படுத்தபடி, முகத்துக்கு மேலே பலகை பிடித்து எழுதினார். நூல்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டன. மீதி பங்குக்கும் ஏழைகளுக்கும் போயிற்று. பத்திரிகை ஒன்று கொடுத்த பரிசுப் பணத்தில் சாம்பல் பூமியில் நட 1,000 செர்ரி மரக்கன்றுகள் வாங்கினார். புத்தகம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சிறு வாசகசாலை திறந்தார். 1948-இல் ஹெலன் கெல்லர் தேடி வந்தார். 1949-இல் பேரரசர் வந்தார். திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கில்ராய் வந்தார்.

பெரியவர்கள் வருகையைவிட என் மனதில் தங்கியது வேறொன்று. மண்ணீரல் வீங்கி வயிறு பானை போலாகிவிட்டது. சிறிது அடிபட்டாலும் வெடித்துவிடும். ஆகவே பிள்ளைகள் அப்பாவை நெருங்கக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. ஒருநாள் அவர் தூங்குகிறார் என்று எண்ணி, சிறுமி கயானோ மெல்ல வந்து தன் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்து, அப்பாவின் வாசனை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் கண் திறக்கவில்லை. அனாதையாகப் போகும் பிள்ளை அந்தச் சிறு இன்பத்தைத் திருடிக்கொள்ளட்டும் என்று அசையாமல் கிடந்தார். தாயை இழந்துவிட்ட அப்பிள்ளைகளுக்காகவே ஒரு நூலும் எழுதினார்.

மூன்று ஆண்டு என்று குறித்தவர்கள் பொய்த்தார்கள். ஏறத்தாழ ஆறு ஆண்டு இருந்தார். 1951 மே முதல் நாள், தேவமாதாவின் மாதம் பிறந்த அன்று, தம்மைக் குடிசையிலிருந்து கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லச் சொன்னார். குணமாவதற்கு அல்ல. இரத்தப் புற்றுநோயாளியின் கடைசி நிலையை மருத்துவ மாணவர்கள் அருகிருந்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காக. அன்றிரவே செபித்துக்கொண்டு உயிர் விட்டார், வயது 43. அவர் விருப்பப்படியே உடலை அறுத்துச் சோதித்தார்கள். கைப்பிடிக்குள் அடங்க வேண்டிய மண்ணீரல் சுமார் 3,400 கிராம் இருந்தது. இருபதாண்டு காலம் பிறர் உடம்புக்குள் பார்த்துக் கற்பித்த ஆசிரியர், தம் உடம்பையே கடைசிப் பாடமாக மேசைமேல் வைத்துவிட்டார். நகர மக்கள் நடத்திய இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 20,000 பேர் கூடினார்கள்.

அந்தக் குடிசை நாகசாகியில் பாதுகாக்கப்பட்டு, அதன் அருகே அவர் பெயரால் ஒரு நினைவகமும் இருக்கிறது. 1959-இல் பேராலயம் மீண்டும் கட்டப்பட்டபோது, தோண்டியெடுத்த மணி ஒரு கோபுரத்தில் ஏறியது. உடைந்துபோன மற்ற மணியின் இடம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராக இருந்த ஓர் அமெரிக்கரின் பேரர் முயற்சி எடுக்க, அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காணிக்கை சேர்த்துப் புது மணி ஒன்றை வார்த்தனுப்பினார்கள். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள், காலை 11 மணி 2 நிமிடத்துக்கு, 80 ஆண்டுக்குப் பின் முதன்முறையாக இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.